நாலு அங்குலம்தான் வளரும் என்றார்கள்: மூன்றடித் தொட்டியில் சிக்லிட் வளர்த்த கதை

சிக்லிட் என்ற அலங்கார மீன் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு பெருசா வளரும்?" என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். கடைக்காரர் சொன்ன பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் வாங்கிய ஐந்து மீனில் இரண்டு செத்துப்போயின. மிச்சம் மூன்றையும் யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று ஆள் தேடினேன். 900 வெள்ளிக்கு மேல் கையை விட்டுப் போனது. அரை வருடத்துச் சனி, ஞாயிறெல்லாம் வாளியும் குழாயுமாகவே கழிந்தது. சிங்கப்பூரில் செங்காங், பொங்கோல் பக்கம் நம்மவர்கள் நிறைய பேர் வீட்டில் மீன் தொட்டி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கப்பி, டெட்ரா எல்லாம் வளர்த்து அலுத்து, கொஞ்சம் பெரிய மீன், நம்மை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடிப் பக்கம் வருகிற மீன் வேண்டும் என்று தோன்றும்போது எல்லோரும் போய் நிற்கும் இடம் சிக்லிட்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. இரண்டாம் கையாக வாங்கிய மூன்றடித் தொட்டி, 90 செ.மீ நீளம், 45 அகலம், 45 உயரம். அலமாரியோடு சேர்த்து 250 வெள்ளி. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 180 கிலோ. கண்ணாடி, மணல், கல், அலமாரி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவை நெருங்கிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுத் தரை சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. மூன்றடித் தொட்டியின் அடியில் மட்டும் பார்த்தால் எடை அந்தக் கணக்கைத் தாண்டும் என்பதால், அதைச் சுவரோரமாக, உத்தரம் ஓடும் பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. கூடத்துக்கு நடுவில் அழகுக்காக வைக்கிறேன், ஐந்தடி ஆறடி வாங்குகிறேன் என்றால் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். இரண்டாம் கைத் தொட்டி என்றால் குளியலறையில் வைத்து ஒரு நாள் முழுக்க நீர் நிரப்பிப் பாருங்கள். சிலிக்கான் விட்டுப்போய் 180 லிட்டரும் கீழ்வீட்டுக்காரர் கூரையில் இறங்கினால் அது வேறு ஒரு கதையாகிவிடும். இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீன் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த அங்கிள் நல்ல மனிதர், பேச்சும் இனிமை. கட்டைவிரல் நீளத்தில் இருந்த குஞ்சுகள் ஒரே தொட்டியில் கலந்து நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு கான்விக்ட், ஒரு ஃபயர்மவுத், ஒரு எலக்ட்ரிக் புளூ அகாரா, ஒரு செவரம் எடுத்தேன். "எல்லாம் மீடியம் சைஸ், கான்விக்ட் நாலு இன்ச்தான் லா, மூன்றடிக்கு ஓகே" என்றார். மகள் பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வீடு வரைக்கும் வந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா செவரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது ஜிலேபிக் கெண்டை மாதிரியே இருக்கே, இதைப் போயி காசு குடுத்து வாங்கி வளக்கறியா?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. திலாப்பியா, கேரளத்துக் கரிமீன், ஆஸ்கர், டிஸ்கஸ் எல்லாமே சிக்லிட் என்ற ஒரே குடும்பம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் பார்க்கும்போது குஞ்சுகள் ஒன்றாக நீந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவை இன்னும் வயதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். சிக்லிட் வயதுக்கு வந்து ஜோடி சேர்ந்த அன்றே அதற்குச் சொந்தமாக இடம் வேண்டும். அந்த இடத்தைத் தொட்டியின் தரையில்தான் அது அளக்கும். அதனால் "எத்தனை லிட்டர்" என்ற கணக்கைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம். உயரமான தொட்டி வாங்கி லிட்டரைக் கூட்டிக் காட்டினால் மீனுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏஞ்சல் மீன் மட்டும் விதிவிலக்கு, அதற்கு உயரம் வேண்டும்.

ஆனால் ஜோடிச் சண்டைக்கு முன்னாலேயே எனக்கு முதல் அடி தண்ணீரில் விழுந்தது. சென்னைக் கொளத்தூரில் மீன் பண்ணைக்காரர்களோடு பழகிய மாமா ஒருவர் எனக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "மாப்ள, மருந்தெல்லாம் வேணாம்டா, வாளியில தண்ணிய ஒரு நாள் அப்படியே வச்சிரு, குளோரின் போயிரும்" என்றார். சென்னைக்கு அது சரியான யோசனை. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய் நீரில் சேர்ப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன். அது ஒரு நாள் வைத்தாலும் ஆவியாகிப் போகாது. போதாக்குறைக்கு இந்த ஊரில் வாளி வாளியாகத் தண்ணீரைத் தேக்கிவைத்தால் கொசு வேறு. குளோரமைனை உடைக்கும் மருந்துத் துளிகள் கட்டாயம் வேண்டும். உடைக்கும்போது அதிலிருந்து அம்மோனியா வெளியே வரும் என்பதால், அதையும் சேர்த்துக் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும். புட்டியில் 'குளோரமைன்', 'அம்மோனியா' இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது சீக்கெம் பிரைம் போடுகிறேன்.

அதோடு தொட்டியும் புதிது, ஃபில்டரும் புதிது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஐந்து மீனையும் ஒரே நாளில் விட்டால் அதுவரை அவை தம் கழிவிலேயே நீந்த வேண்டியதுதான். இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய் நீரின் பி.எச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு, 8 பக்கம் இருக்கும், தண்ணீரும் சூடு. பி.எச் 7இல் இருப்பதைவிட 8இல் அதே அளவு அம்மோனியாவின் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. முதல் வாரம் முடிவதற்குள் அகாரா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் ஓரம் சிவந்திருந்தது. அப்போதுதான் ஓடிப்போய் டெஸ்ட் கிட் வாங்கினேன். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் அடர்பச்சைக்குப் போனது. அன்றிரவே பாதித் தண்ணீர் மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். அகாரா பிழைக்கவில்லை. ஐந்தில் அதுதான் அழகு. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். மகளிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கான்விக்ட் இரண்டும் இந்தக் களேபரம் எதையும் கண்டுகொள்ளாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் உடம்பு அப்படி.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய ஃபில்டர் பஞ்சையோ வளையங்களையோ கொஞ்சம் கேட்டு வாங்கி, காய விடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் போட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பது பெரிதும் குறையும். பிறகு அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக்கூடாது, குளோரமைன் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரில் அலசினால் போதும்.

சூட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இங்கே ஹீட்டர் வாங்காதீர்கள். குளிரூட்டி ஓடாத கூடத்தில் மத்தியான நேரத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். தொட்டி விளிம்பில் மாட்டும் சின்ன விசிறி 2, 3 டிகிரி இறக்கிக் கொடுக்கும். நீர் வேகமாக வற்றும் என்பதால் அவ்வப்போது ஊற்ற வேண்டியிருக்கும். விசிறிக்காக மூடியை எடுத்துவிட்டால் வலை போடுங்கள்; துரத்தப்படும் சிக்லிட் குதிக்கும்.

சரி, ஜோடிக் கதைக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் கான்விக்ட் ஒன்றின் வயிற்றோரம் ஆரஞ்சு நிறம் ஏறியது. நிறம் வந்தது ஆண் என்று நினைத்தேன். இந்த மீனில் பெண்ணுக்குத்தான் அந்த நிறம். மற்றது உடம்பு பெருத்து, முதுகுத்துடுப்பு பின்னால் நீண்டு கூர்மையானது. கேட்டு வாங்காமலே ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டன. மரக்கட்டைக்கு அடியில் மணலை வாய் வாயாக அள்ளி வெளியே துப்பின. கண்ணாடி அடித்தளம் தெரிகிற வரைக்கும் தோண்டின. கட்டையின் உள்பக்கம் வரிசை வரிசையாக முட்டை. மூன்று நாளில் பொரிந்து, இன்னும் சில நாளில் குஞ்சுகள் புகைபோல மேலே கிளம்பின. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. பெண் மீன் முன்னால் போக, குஞ்சுக்கூட்டம் அதன் வயிற்றுக்கடியில் நகர, ஆண் சுற்றிச்சுற்றிக் காவல். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதையாக, முதலில் ஒரு மூலை, பிறகு பாதித் தொட்டி, அந்த வாரக் கடைசியில் முக்கால் தொட்டி அவற்றுக்கு.

ஃபயர்மவுத் ஆரம்பத்தில் எதிர்த்து நின்றது. செவுள் மூடியை விரித்து, சிவந்த தொண்டையைக் காட்டி, தலையைப் பெரிதாக்கிக்கொண்டு மிரட்டும். ஆனால் அந்த மீனின் சண்டை பெரும்பாலும் அந்த மிரட்டலோடு முடிந்துவிடும். கான்விக்ட் மிரட்டுவதில்லை, நேராக வந்து கடிக்கும். இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்ததைப் பார்த்தபோது முத்தம் கொடுக்கிறது என்று மகள் சிரித்தாள். மறுநாள் ஃபயர்மவுத்தின் பக்கவாட்டில் செதில் போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வால் துடுப்பு நார் நாராகக் கிழிந்திருந்தது. அதன்பிறகு அது ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இரண்டு விரல் இடைவெளியில், தண்ணீர்மட்டத்தை ஒட்டி, தலையைக் கீழே தொங்கப்போட்டபடி நின்றது. சாப்பாடு போட்டாலும் இறங்கி வராது. உங்கள் தொட்டியில் ஒரு மீன் இப்படி மேல் மூலையில் போய் நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

நான் பிரிப்பதற்குள் ஃபயர்மவுத் போய்விட்டது. செவரத்தை மட்டும் காற்றுக்கல் போட்ட வாளியில் மாற்றி, அடுத்த நாள் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி அதில் விட்டேன். அதற்குமுன் நடுவில் தடுப்புப் பலகை வைத்துப் பார்த்தேன், கற்களை இடம் மாற்றிப் பார்த்தேன், காயத்துக்கு மருந்து வாங்கினேன். எல்லாம் காசுதான். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் வேலை முடிந்து கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை. இன்றைக்கு எது மிதக்கிறதோ என்ற நினைப்பு. "என்னங்க, இதுக்கா இவ்வளவு செலவு பண்ணோம்?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள், அதற்கே எனக்குச் சுருக்கென்றது. மகள் தொட்டிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் அந்தக் குஞ்சுகள். கான்விக்ட் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை போடும். மாதம் ஒரு முறை அடுத்த ஈடு. வாங்க ஆளே இல்லை. கடைகளில் கேட்டால், பெரிய மீனுக்குத் தீனியாக வேண்டுமானால் சும்மா கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வளர்ந்த செவரத்துக்கும் அதே கதைதான். குஞ்சாக 12 வெள்ளிக்கு விற்றவர்களே திரும்ப எடுக்க மாட்டார்கள். வாங்கும்முன் "வளர்ந்ததும் வேண்டாமென்றால் நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சரி என்கிற கடைகள் உண்டு. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் விசாரித்ததில் காசு தராமல் எடுத்துக்கொள்ளும் கடை கிடைத்தது.

அலுவலக நண்பர் ஒருவர், பேசாமல் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடேன், புண்ணியமாவது கிடைக்கும் என்றார். அதைச் செய்யவே கூடாது. வளர்ப்பு மீனை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு. புண்ணியத்துக்கென்று உயிர்களை விடுவிக்கும் விசாக தினத்தையொட்டி தேசியப் பூங்காக் கழகம் இதைச் சொல்லிச்சொல்லி அலுத்திருக்கும். தூண்டில்காரர்கள் நம் நீர்த்தேக்கங்களில் பிடித்துக் காட்டும் பீகாக் பாஸ், மாயன் சிக்லிட், மணல் சலிக்கும் ஜியோபேகஸ் எதுவுமே இந்த மண்ணுக்கு உரியதல்ல. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சிக்லிட்கள், மனிதர் கையால் வந்தவை. 2000களின் தொடக்கத்தில் லுவோஹான் என்ற பிளவர்ஹார்ன் மோகம் எப்படி இருந்தது என்று இங்கே நெடுநாள் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மீனையும் பிற்பாடு நீர்த்தேக்கங்களில் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் ஜூரோங் பக்கம் நாலடித் தொட்டி வைத்திருந்த ஒருவர் கான்விக்ட் ஜோடியை எடுத்துக்கொண்டார். செவரம் இன்னொரு வீட்டில் இப்போது எட்டு அங்குலத்தை எட்டிவிட்டதாகப் படம் அனுப்பினார்கள். 'மீடியம்' என்று கடையில் சொல்வது நாலு அங்குலக் கான்விக்டிலிருந்து எட்டு அங்குலச் செவரம் வரைக்கும் எல்லாவற்றையும்தான். இதில் கொன்றது நாலு அங்குலம், ஒதுங்கி நின்றது எட்டு அங்குலம். ஆகவே அளவைக் கேட்ட கையோடு, ஜோடி சேர்ந்தால் எவ்வளவு தரையைப் பிடிக்கும், கூட இருப்பதை என்ன செய்யும் என்பதையும் கேளுங்கள். கடையில் பதில் வராவிட்டால் வளர்ந்த ஜோடியை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இன்றைக்கு யாராவது மூன்றடித் தொட்டிக்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு வகை, ஒரே ஒரு ஜோடி என்றுதான் சொல்வேன். அமைதி வேண்டுமானால் கீஹோல். நாலைந்து அங்குலம்தான், செடியையும் நாசம் பண்ணாது. நிறம் வேண்டுமானால் எலக்ட்ரிக் புளூ அகாரா, ஆறு அங்குலம் வரும், விசிறி வைத்து 28க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். கம்பீரம் வேண்டுமானால் ஃபயர்மவுத் ஜோடி. கூடவே மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்தும் பிளாக் விடோ டெட்ராவோ ஜயன்ட் டேனியோவோ விட்டால், அவை பயமில்லாமல் திரிவதைப் பார்த்து சிக்லிட்டும் வெளியே வரும். செவரத்துக்கு நாலடி வேண்டும். ஜேக் டெம்ப்ஸி, கிரீன் டெரர் பக்கம் மூன்றடிக்காரர்கள் போகவே வேண்டாம். ஆஸ்கர் ஓர் அடி வளரும்; குஞ்சின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஸ்கஸுக்கு நம் ஊர்ச் சூடு ஒத்துப்போகும், ஆனால் தண்ணீர் மாற்றி மாற்றியே முதுகு ஒடிந்துவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களுக்கு பி.எச் 8 பொருந்துகிறதே என்று நினைக்க வேண்டாம். நம் குழாய் நீர் மென்னீர், அவற்றுக்குக் கடினநீர் வேண்டும், பவளத்தூள் போட்டுக் கடினமாக்க வேண்டியிருக்கும். இரண்டடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் மீடியம் சிக்லிட் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு ராம் என்ற குட்டிச் சிக்லிட் ஜோடி வளர்க்கலாம். 28, 30 டிகிரி அதற்குப் பிடித்த சூடு.

என் தொட்டியில் இப்போது கீஹோல் ஜோடியும் எட்டு பிளாக் விடோவும். கற்களை முதலில் கண்ணாடித் தரையில் உட்காரவைத்து அதற்குமேல் மணல் போட்டேன்; இல்லாவிட்டால் தோண்டித் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி நடுவில் மரக்கட்டை. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மீனுக்கு யார் சாப்பாடு போடுவது என்று கவலைப்பட வேண்டாம். வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பாசத்தில் அள்ளிப் போடும் பக்கத்து வீட்டுக்காரரால்தான் ஆபத்து. அதைவிட நீண்ட பயணம் என்றால் ஒவ்வொரு வேளைத் தீனியையும் மாத்திரை டப்பாவில் தனித்தனியாகப் பிரித்து அவரிடம் கொடுத்துவிட்டு, பெரிய டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.